ரெண்டு பழைய பிசிய ஒண்ணாக்கலாமா? ஆக்கலாம், முதல்ல போர்டை முடிவு பண்ணுங்க

கேள்வி: வீட்ல ரெண்டு அசெம்பிள்டு பிசி சும்மா கிடக்கு. ஒண்ணு கோர் 2 டுவோ இ7500, ஜி31 போர்டு, 2 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஓடுது, ஆனா ரொம்ப ஸ்லோ. இன்னொண்ணு ஐ3-2120, எச்61 போர்டு, 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க் இல்ல, பவர் பட்டன் அமுக்கினா அசையவே மாட்டேங்குது. பொண்ணு டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கிறா, ரெண்டையும் சேத்து அவளுக்கு ஒண்ணு தேறுமா? கடையில ரெண்டையும் பழைய இரும்புக்கு போடச் சொல்றாங்க.

போடாதீங்க சார், கண்டிப்பா தேறும். இந்த மாதிரி வேலையில எல்லாரும் எந்த ராம் பெருசு எந்த டிஸ்க் பெருசுன்னு பாத்துட்டு கழட்ட ஆரம்பிச்சுடுறாங்க, அது வேண்டாம், எந்த போர்டு (மதர்போர்டு) நமக்கு மெயின்னு முதல்ல முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் அதுக்கு பொருந்துதா இல்லையாங்கறதுதான். உங்க விஷயத்துல சந்தேகமே இல்ல, எச்61 போர்டுதான். ஐ3-2120 வந்தது 2011-ல, இ7500-ஐ விட எவ்வளவோ மேல.

இப்ப அந்த போர்டு உயிரோட இருக்கான்னு பாக்கணும். பட்டனை அமுக்கினா ஃபேன் கூட சுத்தலன்னா முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேலதான், அதாவது கரண்ட் குடுக்கற பவர் சப்ளை பெட்டி மேல. ரெண்டு பிசியோட பிளக்கையும் பிடுங்குங்க, கேபினெட் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, ஓடுற பிசியோட எஸ்எம்பிஎஸ்-ஸ கழட்டாமலே அதோட 24 பின் வயரையும் சிபியு பக்கத்துல போற 4 பின் வயரையும் மட்டும் எச்61 போர்டுல சொருகி ஆன் பண்ணிப் பாருங்க. அந்த 4 பின்ன நிறைய பேர் மறந்துடுவாங்க, ஃபேன் சுத்தும் ஆனா டிஸ்ப்ளே வராது, போர்டு போச்சுன்னு முடிவு கட்டிடுவாங்க. ரெண்டு சிபியுவும் 65 வாட் தான், அதனால அந்த எஸ்எம்பிஎஸ் நல்ல கண்டிஷன்ல இருந்தா இதுக்கும் போதும். செத்த எஸ்எம்பிஎஸ்-ஸ மட்டும் தயவுசெஞ்சு திறக்காதீங்க, பிளக்கை பிடுங்கினாலும் உள்ள இருக்கற பெரிய கெபாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல சார்ஜ் நிக்கலாம்.

ஃபேன் சுத்தியும் டிஸ்ப்ளே வரலன்னா ராமை எடுத்து அந்த தங்கக் கலர் பல்லை பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சு, தூளை ஊதிட்டு, ரெண்டு பக்க கிளிப்பும் டக்குனு விழற வரைக்கும் அழுத்திப் போடுங்க. போர்டுல காசு மாதிரி இருக்கற 2032 செல்லையும் மாத்திடுங்க, அது தீந்து போயிருந்தா ஒவ்வொரு தடவையும் தேதி பழைய வருஷத்துக்கு போய்டும், அப்புறம் பிரவுசர்ல பாதி சைட் திறக்காது, நெட்டு தான் பிரச்சனைன்னு நினைச்சுட்டு இருப்பீங்க.

அந்த 2 ஜிபி ராம் இங்க உதவாது. ஜி31-ல இருக்கறது பெரும்பாலும் டிடிஆர்2, எச்61 கேக்கறது டிடிஆர்3. ரெண்டுலயும் 240 பின் தான், பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா நடுவுல இருக்கற வெட்டு இடம் மாறி இருக்கும், வோல்டேஜும் 1.8, 1.5-ன்னு வேற. உக்காரலன்னா அழுத்தாதீங்க. சிபியு கூலரும் மாத்த முடியாது, பழைய போர்டோட 775 சாக்கெட்ல (சிபியு உக்கார்ற இடம்) ஓட்டைக்கு ஓட்டை 72 மிமீ, இந்த 1155-ல 75 மிமீ. ஐ3-யோட சொந்த கூலரையே தூசி தட்டி, காய்ஞ்ச தெர்மல் பேஸ்டை துடைச்சு புதுசு போட்டு மாட்டுங்க. இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 யூஸ்டுல வாங்கி போட்டா 8 ஆகிடும், 1600 ஸ்பீடு கிடைச்சாலும் பரவால்ல, 1333-ல ஓடிக்கும்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்துல கவனம். கைய வைக்கறதுக்கு முன்னாடி அதுல இருக்கற போட்டோ, டாக்குமெண்ட் எல்லாத்தையும் காப்பி எடுத்துடுங்க. அந்த டிஸ்க்கை அப்படியே மாத்தி போட்டா பழைய விண்டோஸ் ஓடும்னு எதிர்பாக்காதீங்க, ஜி31-ல ஐடிஇ மோடுல (போர்டு டிஸ்க்கை படிக்கற பழைய முறை) இன்ஸ்டால் ஆன விண்டோஸ் 7, எச்61-ல ஏஹெச்சிஐ மோடு (புது முறை) இருந்தா 7பி-ன்னு முடியற எரர் நம்பரோட ப்ளூ ஸ்கிரீன் காட்டி நின்னுடும். பயாஸ்ல (போர்டோட செட்டிங்ஸ்) ஐடிஇ ஆக்கி ஓட்டலாம்தான், ஆனா எனக்கு அதுல உடன்பாடு இல்ல. காசு செலவு பண்றதா இருந்தா ஒரு சின்ன எஸ்எஸ்டி-க்கு (சுத்தற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) பண்ணுங்க, எச்61-ல டிஸ்க் சொருகற சாட்டா போர்ட் ஸ்பீடு 3 ஜிகாபிட் தான்னாலும் பழைய டிஸ்க்குக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 500 ஜிபி-ய ரெண்டாவதா மாட்டி வீடியோ கிளாஸ் போட்டு வச்சுக்கட்டும்.

விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது, விண்டோஸ் 11 முறையா கேக்கறது இன்டெல்ல 8-வது ஜெனரேஷன் சிபியுவும் டிபிஎம் 2.0-ங்கற செக்யூரிட்டி சிப்பும், இதுல ரெண்டும் இல்ல. விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ-ங்கற இலவச ஓஎஸ் போடுங்க, பிடிஎஃப், யூடியூப், தமிழ் டைப்பிங் எல்லாம் நல்லா நடக்கும். யூடியூப் திணறினா 720-ல வச்சு பாக்கச் சொல்லுங்க.

இதெல்லாம் பண்ணியும் போர்டு எழுந்திருக்கலன்னா, சிபியு பக்கத்துல சின்ன டப்பா மாதிரி இருக்கற கெபாசிட்டர் தலை உப்பியிருக்கான்னு பாருங்க. உப்பியிருந்தா ஐ3, ராம், கூலர் மூணையும் பத்திரமா எடுத்து வச்சுட்டு, யூஸ்டுல ஒரு எச்61 போர்டு மட்டும் தேடுங்க, வாங்கறதுக்கு முன்னாடி சாக்கெட் உள்ள ஒரு பின் கூட வளைஞ்சிருக்க கூடாது, டார்ச் அடிச்சு பாத்துட்டு காசு குடுங்க.