பாசி நிறமேறிய பைப் தண்டு மீண்டும் கறுக்குமா?

கேள்வி: தாத்தா புகைபிடிக்கப் பயன்படுத்திய பழைய பைப் பரணில் கிடைத்தது. மரக் கிண்ணம் நன்றாக இருக்கிறது. வாயில் வைக்கும் வளைந்த கறுப்புத் தண்டு மட்டும் பாசி நிறமாகி, நாக்கில் பட்டால் கசக்கிறது. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறது, சில நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. கொதிநீரில் போட்டு எடுக்கலாமா? (தக்கலை வாசகர்)

பதில்: கொதிநீர் வேண்டவே வேண்டாம். அந்தத் தண்டு எபோனைட். 1851-இல் நெல்சன் குட்இயர் காப்புரிமை பெற்ற கெட்டி ரப்பர் அது. குலசேகரம் பக்கம் தோட்டங்களில் பால் எடுத்து ஷீட் அடிக்கிறார்களே, அந்த ரப்பரோடு கந்தகத்தை அள்ளிச் சேர்த்து வேகவைத்தால் எபோனைட். டயருக்கு 100 பங்கு ரப்பருக்கு ஒன்றிரண்டு பங்கு கந்தகம் போதும். இதற்கு 25 முதல் 50 பங்கு வரை போகும். வெயிலும் காற்றும் மேல்தோலைச் சிதைக்கும்போது அந்தக் கந்தகம் வெளியே வந்து, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. கசப்பும் முட்டை நாற்றமும் அதனால்தான். இரண்டு பருவமழையும் கடற்காற்றும் உள்ள நம் குமரி மாவட்டத்தில் இது சீக்கிரமே நடக்கும்.

வளைந்த தண்டை நேராகச் செய்து, பிறகு சூட்டில்தான் வளைத்திருப்பார்கள். கொதிநீரில் போட்டால் அது மறுபடி நிமிர்ந்துவிடும், பழுப்பும் கூடும். பிளீச்சிங் திரவமும் கூடாது. அழுக்கோடு நல்ல ரப்பரையும் அரித்துக் குழிகுழியாக்கிவிடும். டூத்பேஸ்ட் கெட்ட தோலை எடுப்பதில்லை, அதன்மேலேயே மெருகு ஏற்றுகிறது. நிறம் திரும்பி வருவது அதனால்தான். கெட்ட தோல் முழுதும் போனால்தான் தண்டு கறுக்கும்.

கிண்ணம் ஆறியிருக்கும்போது தண்டை மெல்லத் திருகிக் கழற்றுங்கள். இறுகியிருந்தால் பைப்பை அப்படியே அரைமணி நேரம் ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள். பலத்தைக் காட்டினால் கழுந்து, அதாவது கிண்ணத்துக்குள் நுழையும் தண்டின் முனை, முறிந்து உள்ளேயே தங்கிவிடும். தண்டின் துளைக்குள் பைப் கிளீனரை (பஞ்சிழை சுற்றிய மெல்லிய கம்பி) ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, வெள்ளையாக வெளிவரும்வரை விட்டு எடுங்கள். ஆல்கஹால் கிண்ணத்தின் வெளிப்பூச்சில் படக்கூடாது.

தண்டில் நிறுவன முத்திரை இருந்தால் அதன்மேல் வாஸ்லின் தடவுங்கள். துணிக்கறை போக்கும் சோடியம் பெர்கார்பனேட் பொடி ஒரு தேக்கரண்டியை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, தண்டை அதில் நாலைந்து மணி நேரம் ஊறவிடுங்கள். எடுக்கும்போது முன்னைவிட அசிங்கமாக, சொரசொரப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம், கெட்டது மேலே கிளம்பி இளகியிருக்கிறது.

இனிதான் பொறுமை வேண்டும். கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பரில் 600, 800, 1000, 1500, 2000 நம்பர்களை வாங்குங்கள். மேடுபள்ளம் அதிகம் இருந்தால் மட்டும் 400. எப்போதும் தண்ணீர் தொட்டே தேயுங்கள். உலர்ந்த தூள் கந்தகத் தூள், மூக்கில் ஏறும். 600-இல் தேய்க்கும்போது விரலில் ஒட்டும் சேற்றைக் கவனியுங்கள். முதலில் மஞ்சள் கலந்த பழுப்பாக வரும், நல்ல ரப்பரை எட்டியதும் கறுத்துவிடும். அதுவரை அடுத்த நம்பருக்குப் போகக்கூடாது. ஈரத்தில் எந்தத் தண்டும் கறுப்பாகத்தான் தெரியும். துடைத்துக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பல் படும் விளிம்பின் அடியிலும் வளைவின் உட்புறத்திலும்தான் பழுப்பு ஒளிந்திருக்கும். அந்த இடங்களுக்குத் தாளைச் சிறு துண்டாக மடித்து நுழையுங்கள்.

கழுந்தைத் தேய்க்கவே கூடாது. தேய்ந்தால் பொருத்தம் தளர்ந்துவிடும். தண்டு கிண்ணத்தோடு சேரும் விளிம்பும் அப்படித்தான். அங்கே கை தவறினால் முனை உருண்டு, மாட்டியபின் இடைவெளி தெரியும். பிளாஸ்டிக் அட்டையில் துளையிட்டு வாஷர்போல் கழுந்தில் மாட்டிக்கொண்டால் விளிம்பு தப்பும்.

பல் பதிந்த பள்ளத்துக்கு லைட்டர் சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் மேலாக அசைத்துக் காட்டுங்கள். எபோனைட் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும், பள்ளம் ஓரளவு மேலெழும். இதை ஊறவைப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். தண்டு வளைவு நிமிர்ந்துபோனால், துளையில் பைப் கிளீனரை விட்டபடி வெந்நீரில் இளக்கி வளைத்து, உடனே குளிர்ந்த நீரில் பிடியுங்கள். கிளீனர் இல்லாமல் வளைத்தால் துளை நசுங்கிவிடும்.

2000 முடிந்ததும் பிளாஸ்டிக் மெருகுப் பசையைப் பருத்தித் துணியில் தொட்டுத் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். டிரில்லில் பஃப் சக்கரம் மாட்டினால் வேகத்தைக் குறைத்தே வையுங்கள். சூடேறினால் கந்தகம் மறுபடி மேலே வரும். பிறகு சோப்பு நீரில் கழுவித் துடைத்து, உண்ணும் தரமுள்ள மினரல் ஆயிலை ஒரு சொட்டு தடவுங்கள். கைக்கெட்டும் தேங்காய் எண்ணெயைத் தடவத் தோன்றும். ஆனால் அது சிக்குப் பிடித்து நாறும்.

கண்ணாடி ஷோகேஸில் சன்னலோரம் வைக்காதீர்கள். மூடிய அலமாரியில், துணிப்பையில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்துத் துடைத்து, மினரல் ஆயிலை மறுபடி தொட்டு வையுங்கள்.