கோயில் வாசலும் கேள்வித்தாளும்

அன்புள்ள ஐயா,

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு கல்வியியல் கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறேன். 'கல்லூரி மாணவர்களின் சமயப்பற்றும் மனநலமும்' என்ற தலைப்பில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருக்கிறேன். 300 மாணவர்களிடம் இரண்டு கேள்வித்தாள்களைக் கொடுத்து, இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவைக் (ஒன்று கூடும்போது மற்றதும் கூடுகிறதா, குறைகிறதா என்பதை) கணக்கிடுவது திட்டம். சமயப்பற்றுக்கு வெளிநாட்டில் பலகாலமாகப் பயன்படும் அளவுகோல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டால் போதும் என்கிறார் நெறியாளர். போதுமா?

இன்னொன்று, சொந்த விஷயம். என் பெரியப்பா மகனுக்கு இரண்டு ஆண்டுகளாக மனச்சிதைவு நோய். மாத்திரை சாப்பிட்டு ஓரளவு தெளிவாக இருக்கிறான். 'கோயிலில் தங்கினாலே மனநோய் குணமாகிறது என்று லண்டன் மருத்துவ இதழ் நிரூபித்துவிட்டது' என்று வாட்ஸப்பில் வந்ததைப் பார்த்துவிட்டு, மாத்திரையை நிறுத்திவிட்டு அவனைக் கோயிலில் கொண்டுபோய் விடப் போவதாகச் சொல்கிறார் பெரியப்பா. அப்படி ஓர் ஆய்வு உண்மையிலேயே இருக்கிறதா?

க. ம.

அன்புள்ள க. ம. அவர்களுக்கு,

வீட்டு விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஆய்வேடு ஒரு மாதம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகிவிடாது. பெரியப்பா அடுத்த அமாவாசைக்கே கிளம்பிவிடக்கூடும்.

அந்த ஆய்வு இருக்கிறது, வாட்ஸப் கட்டுக்கதை அல்ல. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஆர். ரகுராமும் அவருடைய சகாக்களும் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் செய்த ஆய்வு அது. 2002 ஜூலையில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. மூன்று மாத காலத்தில் அங்கே வந்து தங்கிய 31 பேரை, வந்தபோது ஒருமுறையும் கிளம்பும்போது ஒருமுறையும் மனநல மருத்துவ அளவுகோல் ஒன்றால் மதிப்பிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மனச்சிதைவு நோய் உள்ளவர்கள். நோய்க்குறிகளின் சராசரி மதிப்பெண் 52.9இலிருந்து 42.9ஆகக் குறைந்திருந்தது, அதாவது ஏறத்தாழ 20 விழுக்காடு. பல மனநல மருந்துகள் தரும் முன்னேற்றத்துக்கு இது நிகரானது என்று கட்டுரையில் ஒரு வாக்கியம் வருகிறது. உங்கள் பெரியப்பாவின் கைபேசிக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

அந்தக் கோயிலில் அவர்களுக்கு என்ன செய்தார்கள் என்பது கூடவே வந்து சேரவில்லை. பேயோட்டுவதோ மந்திரிப்பதோ வேப்பிலை அடிப்பதோ அங்கே இல்லை. காலையில் எளிய பூசை. அதன் பிறகு வளாகத்தைக் கூட்டுவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்னச்சின்ன வேலைகள். தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் காசு இல்லை. வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருப்பார். சராசரியாக ஆறு வாரம் தங்கியிருக்கிறார்கள். முன்னேற்றத்துக்கு எந்தச் சடங்கையும் ஆய்வாளர்கள் காரணமாகச் சொல்லவில்லை. ஊர் மதிக்கிற, யாரும் ஏசாத, அச்சுறுத்தாத ஓர் அடைக்கலம் கிடைத்ததைத்தான் சொன்னார்கள். ஒரு மனிதனை ஆறு வாரம் பைத்தியம் என்று கூப்பிடாமல் வேளாவேளைக்குச் சோறு போட்டு வைத்திருந்தால் அவன் கொஞ்சம் தெளிவான் என்பது எனக்கு வியப்பாக இல்லை. அதை அளந்து எழுத 2002 வரை ஆனதுதான் வியப்பு.

ஆனால் அந்த எண்களால் சொல்ல முடியாதவையும் உண்டு. ஒப்பிடுவதற்கு வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லை. கோயிலுக்கு வராமல் வீட்டிலேயே இருந்தவர்கள் அதே ஆறு வாரத்தில் எப்படி இருந்தார்கள் என்பதைக் கொண்டு சரிபார்க்க வழியில்லை. இந்த நோய் ஏறி இறங்கி வருவது. இனி வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது என்ற உச்சத்தில்தான் எந்தக் குடும்பமும் நோயாளியைக் கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துவரும், உச்சத்தில் அளந்தால் அடுத்த அளவு பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். கிளம்பும் நாளில் எடுத்த மதிப்பெண் ஊருக்குப் போய் ஆறு மாதம் கழித்து என்ன ஆனது என்பதைச் சொல்லாது. இவை எதுவும் அந்த ஆய்வைப் பொய்யாக்கவில்லை. மாத்திரையால் தெளிவாக இருக்கும் ஒருவனின் மாத்திரையை நிறுத்தலாம் என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கட்டுரை வெளிவருவதற்கு ஓராண்டுக்கு முன்பு, 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், மனநோயாளிகளை அழைத்துவரும் தர்கா உள்ள ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், நோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. அந்தக் கொட்டகை தர்காவுக்குச் சொந்தமானதல்ல. தர்காவுக்கு வருகிற நோயாளிகளை நம்பித் தனியார் நடத்திவந்த பல விடுதிகளில் ஒன்று. கனவில் உத்தரவு கிடைக்கும்வரை ஊர் திரும்பக் கூடாது என்பது அங்கே நம்பிக்கை. உத்தரவு வர மாதங்கள் ஆகும், வருடங்களும் ஆகும். அதுவரை உடன் தங்க முடியாத குடும்பங்கள் மாதப் பணம் கட்டி ஆளை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். வேலாயுதம்பாளையம்புதூரில் வீட்டு ஆள் பக்கத்தில் இருந்தார், இங்கே அந்த இடத்தில் சங்கிலி இருந்தது. இரண்டையும் 'சமய வழி சிகிச்சை' என்ற ஒரே தலைப்பின் கீழ் எழுதிவிடுகிறோம். தீ விபத்துக்குப் பிறகு விடுதிகள் மூடப்பட்டு நூற்றுக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டபோது, தனியார் கொட்டகைகள் செய்த குற்றத்துக்காக மக்கள் ஆறுதல் தேடிப் போகும் தலங்களையே சந்தேகிக்கக் கூடாது என்று வாதிட்டவர்களில் புனேயில் பாபு டிரஸ்ட் என்ற மனநல அமைப்பைத் தொடங்கிய பார்கவி தாவர் முக்கியமானவர். அவருடைய எல்லா முடிவுகளையும் நான் ஏற்பதில்லை. இந்த வேறுபாட்டை அவர் விடாமல் வலியுறுத்தியது சரி என்றே நினைக்கிறேன்.

இன்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. குஜராத்தில் உனாவா மீரா தாதார் தர்காவில் தொடங்கிய 'தவா-துவா' என்ற ஏற்பாடு பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. தர்காவில் ஓதிக்கொள்பவர் அங்கேயே மருத்துவரையும் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். உங்கள் பெரியப்பாவிடம் ஆய்வுக் கட்டுரையைப் பற்றி வாதாடுவதைவிட இதைச் சொல்லிப் பாருங்கள். கோயிலுக்குத் தாராளமாகப் போகட்டும், மகனோடு தானும் தங்கட்டும், மாத்திரை டப்பாவைப் பையில் எடுத்துப்போகட்டும், கிளம்பும் முன் அவனைப் பார்த்துவரும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். இடையில் அவசரமாக ஏதேனும் கேட்க வேண்டியிருந்தால் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் இலவச ஆலோசனையைத் தமிழிலேயே பெறலாம்.

இனி உங்கள் கேள்வித்தாள்.

நீங்கள் குறிப்பிடுவது டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான ஐந்து கேள்வி அளவுகோலாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன்; இல்லையென்றாலும் அதன் உறவுக்கார அளவுகோல் ஒன்றாகவே இருக்கும். அதன் முதல் கேள்வி, தேவாலயத்துக்கோ மற்ற சமயக் கூட்டங்களுக்கோ எத்தனை முறை போகிறீர்கள் என்பது. 'ஒருபோதும் இல்லை' என்பதில் தொடங்கி 'வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல்' என்பது வரை ஆறு விடைகள். ஞாயிறுதோறும் சபை கூடுகிற ஊரில் இது பொருளுள்ள கேள்வி. நம் ஊரில் இதைக் கேட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை நேரிலேயே பார்த்தேன். நண்பர் ஒருவரின் கள ஆய்வுக்கு உதவியாகப் போயிருந்தபோது, கடலைக் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் "வாரத்துல எத்தனை தடவை கோயிலுக்குப் போவீங்க?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து, "எந்தக் கோயிலுக்கு?" என்றார். வழியில் இருக்கும் பிள்ளையாருக்குத் தினமும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். அது கோயிலுக்குப் போவதில் சேருமா? குலதெய்வக் கோயிலுக்கு வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்தால்தான். மாரியம்மன் நோன்பு சாட்டினால் பதினைந்து நாளும் தினசரி. போன வருடம் மகளுக்குப் பிரசவம் சிக்கலானபோது பழனிக்கு நடந்தே போனார். நான் எந்தக் கட்டத்தில் டிக் அடித்தேன் என்பது நினைவில்லை. எதில் அடித்திருந்தாலும் தப்பு.

பழனிக்கு அவர் நடந்துபோனதில்தான் உங்கள் ஆய்வின் முடிச்சு இருக்கிறது. இங்கே கோயிலுக்குப் போவது பல சமயங்களில் பக்தியின் அளவைவிடத் துன்பத்தின் அளவைக் காட்டுகிறது. உடம்புக்கு முடியாதபோது, கடன் நெருக்கும்போது, பிள்ளைக்கு வரன் அமையாதபோது வேண்டுதல் கூடுகிறது. உங்கள் மாணவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில், பருவத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் கேள்வித்தாளைக் கொடுத்தால், ஹால் டிக்கெட்டைச் சாமி பாதத்தில் வைத்து வாங்கிய பிள்ளைகள், பேனாவுக்குப் பூசை போட்டவர்கள், ஹயக்ரீவருக்கு ஏலக்காய் மாலை சாத்தியவர்கள் என எல்லோருடைய சமய மதிப்பெண்ணும் எகிறும், கூடவே பதற்றத்தின் மதிப்பெண்ணும் எகிறும். கணினி ஒட்டுறவைக் காட்டும். சமயப்பற்று பதற்றத்தை உண்டாக்குகிறது என்று ஒருவர் முடிவுரை எழுதிவிடலாம். அதே மாணவர்களிடம் ஜூலையில் கேட்டால் அந்த ஒட்டுறவு மெலிந்து காணாமல் போயிருக்கும். கார்த்திகையில் கேட்டாலோ மாலை போட்ட பையன்கள் எல்லோரும் மகா பக்தர்களாகத் தெரிவார்கள்.

இதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. மதிப்பீட்டுக் குழுவில் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதால் நானே கேட்டுவிடுகிறேன். உங்கள் 300 பேரில் ஊர்க்கோயிலுக்குள் நுழைய முடியாத தெருவிலிருந்து வரும் மாணவர் ஒருவர் 'எப்போதாவது' என்று டிக் அடிக்கிறார். உங்கள் அட்டவணையில் அவர் சமயப்பற்றுக் குறைந்தவர். நம் ஊர்களில் பெரும்பாலான முஸ்லிம் பெண்கள் தொழுவது வீட்டில்தான். ஐந்து வேளையும் தவறாமல் தொழும் மாணவியும் பள்ளிவாசலுக்குப் போவதில்லை என்ற கணக்கில் அதே வரிசையில் வந்து நிற்பார். முதலாமவரிடம் அந்த எண் அளப்பது அவருக்குத் திறக்காத வாசலை. ஊரில் தள்ளிவைக்கப்பட்டவருக்கு மனவருத்தம் கூடுதலாக இருப்பது இயல்பு. ஆனால் கணக்கின் முடிவோ 'வழிபாட்டில் பங்கேற்காதவர்களிடம் மன அழுத்தம் அதிகம்' என்று வரும், ஏதோ அவர் போகாமல் இருந்ததுதான் குற்றம் என்பது போல. இப்படி வந்த முடிவை வைத்து நாளைக்கே யாராவது வகுப்பு நேரத்தில் கட்டாயக் கூட்டுப் பிரார்த்தனையைப் பரிந்துரைத்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இந்தியாவைப் பற்றிய பெரிய முடிவுகளுக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. 1960களின் இறுதியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் ஆக்ரா உட்பட ஒன்பது நாடுகளில் மனச்சிதைவு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தது. வளரும் நாடுகளில் நோயாளிகள் தேறுவது மேலாக இருப்பதாகத் தெரிந்தது. கூட்டுக்குடும்பமும் சமய நம்பிக்கையும்தான் காரணம் என்பது மேடைதோறும் பேசப்படும் வாசகமாயிற்று. 2008இல் அலெக்ஸ் கோஹன், விக்ரம் படேல், மனச்சிதைவு நோய் ஆராய்ச்சிக்கான சென்னை ஸ்கார்ஃப் அமைப்பின் தாரா, ஒயே குரேஜே ஆகிய நால்வரும் பல நாடுகளின் தரவுகளை வைத்து, அந்த வாசகத்தை அப்படியே நம்புவதற்கில்லை என்று எழுதினார்கள். தாரா வெளியூரிலிருந்து கருத்துச் சொன்னவர் அல்லர். சென்னையில் 90 நோயாளிகளை 1980களின் தொடக்கத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வில் ஈடுபட்டவர். சராசரிக்குள் மறைந்துபோகும் தனி வாழ்க்கைகளைப் பார்த்தவர்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், மொழிபெயர்ப்பு போதாது என்பதே. தலைப்பைக் கைவிடச் சொல்லவில்லை. 300 பேருக்குக் கொடுக்கும் முன் இருபது பேரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கடைசியாக எப்போது கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ சர்ச்சுக்கோ போனார்கள், யாரோடு போனார்கள், என்ன வேண்டிக்கொண்டார்கள், போக நினைத்தும் போக முடியாத இடம் உண்டா என்று கேளுங்கள். 'மனச்சோர்வு' என்ற சொல்லை நீங்கள் சொல்லாமல் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். 'மனசே சரியில்ல', 'நெஞ்சு படபடங்குது', 'எதுவும் பிடிக்கல' என்பவை மூன்றும் ஒரே விஷயமாக இருக்க வேண்டியதில்லை. அளவுகோலை வைத்தே ஆக வேண்டும் என்று நெறியாளர் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் 'எத்தனை முறை' என்பதற்கு அடுத்து 'எதற்காக' என்று ஒரு கேள்வியைச் சேருங்கள். ஒரே மாணவர்களிடம் ஜூலையில் ஒருமுறையும் ஏப்ரலில் ஒருமுறையும் கேட்க முடிந்தால், வேண்டுதல் முதலில் வந்ததா பதற்றம் முதலில் வந்ததா என்பது பற்றியாவது ஏதோ கொஞ்சம் தெரியவரும். வேலை இரட்டிப்பாகும், தெரிந்துதான் சொல்கிறேன்.

தமிழ்ப் படிவம் தயாரானதும் அனுப்பிவையுங்கள். 'ஆன்மிகம்' என்ற சொல்லை எந்தக் கேள்வியில் போட்டிருக்கிறீர்கள் என்றுதான் முதலில் தேடுவேன். போன தடவை நான் பார்த்த ஒரு படிவத்தில் அந்தச் சொல்லுக்குப் பதினேழு மாணவர்கள் தொலைக்காட்சியில் காலை ஆறு மணிக்கு வரும் நிகழ்ச்சி என்று பொருள் எடுத்திருந்தார்கள்.