ரொம்ப வருஷம் கழிச்சு மறுபடி ட்ரம்பெட், மேல் நோட்டும் வரல, 20 நிமிஷத்துல உதடும் செத்துடுது, என்ன பண்ணலாம்?

விரலுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், உதட்டைச் சுத்தி இருக்கிற தசைதான் மறந்திருக்கும், அதனால பழைய பாட்டை எடுத்து முதல் நாளே முழுசா வாசிக்கப் போயிடாதீங்க, நானும் அதைத்தான் பண்ணேன், ரெண்டு நாள் உதடு வீங்கினதுதான் மிச்சம். ஒரே மூச்சா ஒரு மணி நேரம் வேணாம், 15 நிமிஷமா மூணு தடவை வாசிங்க, எவ்ளோ நேரம் வாசிச்சீங்களோ அவ்ளோ நேரம் கீழ வைங்க.

முதல்ல மெதுவான சத்தத்துல லாங் டோன், அதாவது ஒரே நோட்டை நீளமா இழுக்கிறது, அப்புறம் லிப் ஸ்லர், அதாவது வால்வை மாத்தாம உதட்டாலயும் காத்தாலயும் மட்டும் ஒரு நோட்டுல இருந்து இன்னொண்ணுக்குப் போறது. இது போர்தான், ஆனா ஸ்டாமினா இங்கதான் வரும்.

மேல் நோட்டுக்கு எல்லாரும் பண்ற தப்பு, மவுத்பீஸை உதட்டுல போட்டு அழுத்துறது. அழுத்தினா ரத்த ஓட்டம் குறையும், உதடு அதிராது, நோட்டு செத்துடும். பதிலா நாக்கோட நடுப்பகுதியை "ஈ" சொல்ற மாதிரி தூக்குங்க, காத்து வேகமாப் போகும், வாயோட ஓரம் மட்டும் இறுக்கமா இருக்கணும். ஸ்டாஃபுக்கு (நோட்டு எழுதுற அஞ்சு கோட்டுக்கு) மேல இருக்கிற ஜி சுத்தமா வந்தப்புறம் அரை அரை ஸ்வரமா ஏறுங்க.

சின்ன மவுத்பீஸ் வாங்கினா ரேஞ்ச் வந்துடும்னு கடைக்காரர் சொல்வார், இப்போதைக்கு காசை வீணாக்காதீங்க. உதடு வலிச்சா அன்னிக்கு லீவு.