நேற்றுவரை நன்றாக இருந்த பூனைக்கு திடீரென்று என்ன ஆயிற்று? கேள்வி பதில்

கேள்வி: மூன்று வயது ஆண் பூனை. ராத்திரி ஓடி ஆடியது, காலையிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. என்ன நோயாக இருக்கும்?

பதில்: நோயின் பெயரை வீட்டிலேயே கண்டுபிடிக்க முயலாதீர்கள். இப்போதே கிளம்புவதா, சில மணி நேரம் பொறுக்கலாமா என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தால் நல்லது. வெளுப்பு, நீலம், மஞ்சள் என்றால் கிளம்புங்கள். தூங்கும்போது விலா எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் டாக்டரிடம் அன்றே காட்ட வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. ஆண் பூனை என்பதால் இன்னொன்று: மணல் தட்டில் சிறுநீர் நனைந்த கட்டி இருக்கிறதா? இல்லையென்றால் சிறுநீர் அடைப்பாக இருக்கலாம், அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஆண் பூனை தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, எதுவும் வரவில்லை. மலச்சிக்கல்தானே? பேதி மருந்து கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இப்படி முக்கினால் பலரும் மலச்சிக்கல் என்றே நினைத்து ஒரு நாளைத் தொலைத்துவிடுகிறார்கள். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகக் குறுகலானது. நுண்ணிய படிகங்களும் சளியும் சேர்ந்தால் கார்க் மாதிரி அடைத்துக்கொள்ளும். சிறுநீர் தேங்கினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும், ராத்திரியானாலும் கிளம்புங்கள். அடிவயிற்றில் பந்து போலத் தட்டுப்பட்டால் அமுக்கிப் பார்க்காதீர்கள், சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம். டாக்டர் மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர் வெளியேற கதீட்டர் என்ற மெல்லிய குழாயைப் போடுவார். அதை எடுத்த பிறகு முதல் சில நாட்களில் மறுபடி அடைப்பதும் உண்டு, வீட்டுக்கு வந்ததும் மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகளை எண்ணுங்கள்.

கேள்வி: காது சுடுகிறது. கால் மாத்திரை பாராசிட்டமால்?

பதில்: கூடவே கூடாது. அதை முறிக்கும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் போட்டால்தான் பலன். காதைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பது வீண். ஆசனவாயில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்து 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வந்தால் சரி. 37.5-க்குக் கீழே போவது காய்ச்சலைவிட மோசம்.

கேள்வி: ஒரே அலறல், பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு நகர்கிறது. எங்கிருந்தாவது விழுந்திருக்குமா?

பதில்: பாதத்தைத் தொடுங்கள். முன்னங்காலைவிடச் சில்லென்று இருந்து, அடிப்பஞ்சு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால், ரத்தக் கட்டி தமனியை அடைத்திருக்கலாம். பெரும்பாலும் இதய நோயின் முதல் அடையாளமே இதுதான். காலைத் தேய்க்காதீர்கள், ஒத்தடம் வேண்டாம். தாங்க முடியாத வலி, டாக்டர் முதலில் கவனிப்பது அதைத்தான்.

கேள்வி: இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. ஊட்டலாமா?

பதில்: வாந்தியோ மந்தமோ இருந்தால் ஊட்டாதீர்கள், புரையேறும். பட்டினி கிடக்கும் பூனையின், குறிப்பாகக் குண்டுப் பூனையின், ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். அது தனி நோயாகவே மாறும். ஆகவே இரண்டு நாள் பட்டினி என்றாலே டாக்டரிடம் போக அதுவே போதிய காரணம்.

கேள்வி: ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ஆனாலும் வாந்தி நிற்கவில்லை.

பதில்: சாதாரண ரத்தப் பரிசோதனையில் விழுங்கிய நூல் தெரியாது, கணைய அழற்சிக்கும் தனிப் பரிசோதனை வேண்டும். வயிற்று ஸ்கேன் கேளுங்கள். நாக்குக்கு அடியில் நூல் சுற்றியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாயிலோ பின்புறமோ நூல் தெரிந்தால் இழுக்கக் கூடாது, குடல் அறுபடும். வீட்டில் லில்லி பூ இருந்ததா? மகரந்தத்தை நக்கினால்கூடச் சிறுநீரகம் செயலிழக்கும், முதல் நாள் ரத்தத்தில் அது தெரியாமலும் போகலாம்.