சீனாவுக்குப் போய்ச் சாப்பிட: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குவாங்ஜோ கண்காட்சிக்குச் சரக்கு பார்க்கப் போகிறேன். பன்றி இறைச்சி தொடமாட்டேன். மெனுவில் படம் பார்த்து ஆர்டர் கொடுத்தால் போதுமா?
– வாசகர், மண்ணடி

போதாது. முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்: 'ரோவ்'. அகராதியில் இதற்கு இறைச்சி என்றுதான் பொருள் இருக்கும். ஆனால் சீன மெனுவில் முன்னொட்டு இல்லாமல் வெறும் 'ரோவ்' என்று வந்தால் அது பன்றிதான். மாடு என்றால் 'நியூ ரோவ்', ஆடு என்றால் 'யாங் ரோவ்', கோழி என்றால் 'ஜி ரோவ்' என்று தனியாகப் போடுவார்கள். மொழிபெயர்ப்புச் செயலி இதைச் சொல்லாது. 'இறைச்சி நூடுல்ஸ்' என்று மட்டும் காட்டிவிட்டுப் போய்விடும். அந்த எழுத்தின் உருவத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: அடிப்பக்கம் திறந்த கதவுச் சட்டம், அதற்குள் ஒருவர் கீழ் ஒருவராகக் கால் அகட்டி நிற்கும் இரண்டு பேர். மேலே நிற்பவரின் தலை சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

குவாங்ஜோவின் காலைச் சிற்றுண்டியான டிம்சம்மில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். 'சியூ மாய்' பன்றியும் இறாலும் கலந்தது. 'ஹார் காவ்' இறால் கொழுக்கட்டைதான் என்றாலும், பூரணம் வழவழப்பாக இருக்கப் பன்றிக் கொழுப்பு கொஞ்சம் சேர்ப்பது பழைய வழக்கம். காய்தானே என்று நம்பி எடுக்கும் முள்ளங்கிக் கேக்கில் சீனத் தொத்திறைச்சித் துண்டும் காய்ந்த இறாலும் இருக்கும்.

ஹலாலுக்கு அங்கே 'சிங்ஜென்' என்று பெயர். முன்பு பெயர்ப்பலகையில் பெரும்பாலும் அரபி எழுத்தும் கூடவே இருந்தது; 2019 வாக்கில் பல ஊர்களில் அதை அகற்றச் சொல்லிவிட்டதால், 清真 என்ற சீன எழுத்தைத் தேடுங்கள். அப்படிக் கண்ணில் படுகிற கடைகளில் பல, லான்ஜோ மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகளாக இருக்கும். நல்ல கிண்ணத்துக்கு அவர்கள் ஐந்து அடையாளம் சொல்வார்கள்: தெளிந்த சூப், வெள்ளை முள்ளங்கி, சிவப்பு மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, மஞ்சள் நூடுல்ஸ். மாவில் சேர்க்கும் காரம்தான் (மிளகாய்க் காரம் இல்லை, சோடா மாதிரியான காரம்) அந்த மஞ்சளுக்கும் இழுவைக்கும் காரணம்.

எந்தப் பருமனில் வேண்டும் என்று மாஸ்டர் கேட்பார். 'மாவ் ஷீ' தலைமுடி மாதிரி மெல்லியது. அதை வாங்கிவைத்துவிட்டு போனில் விலை பேசிக்கொண்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் ஊறிக் குழைந்துவிடும். நிதானமாகச் சாப்பிடுபவர் 'எர் ஷீ' கேட்பது நல்லது, அது கொஞ்சம் தடிமன். பட்டையாக வேண்டுமென்றால் 'ஜியூ யே'.

அத்தோவில் மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டுச் சாப்பிடுகிற ஆள் நான். செங்டூ, சோங்சிங் காரம் என்னை என்ன செய்துவிடும்?
– வாசகர், வியாசர்பாடி

காரம் ஒன்றும் செய்யாது. மரத்துப்போவதுதான் உங்களுக்குப் புதிது. அந்த ஊர்களின் சிச்சுவான் சமையலில் 'லா' என்றால் மிளகாய் எரிச்சல், 'மா' என்றால் நாக்கும் உதடும் மரத்துத் துடிப்பது. இரண்டும் சேர்ந்ததுதான் 'மாலா'. அந்த 'மா'வைக் கொடுப்பது 'ஹுவாஜியாவ்'. மிளகு என்று சொல்லிக்கொண்டாலும் நம் மிளகுக்கு உறவே இல்லை, எலுமிச்சைக் குடும்பம். கொங்கண் பக்கத்து மீன் குழம்பில் போடும் திர்ஃபல் இதன் பங்காளி. அதில் இருக்கும் சான்ஷூல் என்ற பொருள் தொடுவுணர்வு நரம்புகளைத் தூண்டுவதால், மின்சாரம் பட்ட மாதிரி உதட்டில் ஒரு அதிர்வு வரும். தண்ணீர் குடித்தால் அடங்காது, தண்ணீரின் ருசியே மாறித் தெரியும். வெறும் சாதத்தையோ வெள்ளரிக்காயையோ மென்றுவிட்டுக் காத்திருங்கள், தானாக இறங்கும். முதல் நாள் 'வேய் லா' (லேசான காரம்) என்று சொல்லுங்கள். மரப்பே வேண்டாம் என்றால் 'பூ யாவ் ஹுவாஜியாவ்'.

சோங்சிங்கின் 'லாஸிஜி' வந்ததும் பயப்படாதீர்கள். தட்டு நிறைய வறுத்த மிளகாய் மலை, நடுநடுவே சுண்டுவிரல் நுனி அளவுக்குக் கோழித்துண்டு. மிளகாய் வாசனைக்குத்தான். தாளித்த மிளகாயை ஓரம் தள்ளுகிற மாதிரி தள்ளிவிட்டுக் கோழியைப் பொறுக்குவதே முறை.

ஹாட்பாட்டில் (மேசையில் கொதிக்கும் குழம்பில் நாமே முக்கி வேகவைத்துச் சாப்பிடுவது) புதிதாகப் போகிறவர் செய்யும் தவறு, சிவப்புக் குழம்பை எடுத்துச் சாதத்தில் ஊற்றிக்கொள்வது. அது வேகவைக்கும் எண்ணெய், குடிக்கும் சூப் இல்லை. சோங்சிங்கில் அது மாட்டுக்கொழுப்பில் காய்ச்சியது. மாடு சாப்பிடாதவர் 'சிங் யோவ்' (தாவர எண்ணெய்) என்று கேட்க வேண்டும். நடுவே தடுப்பு வைத்த 'யுவான்யாங்' பாத்திரம் வாங்கினால் ஒரு பக்கம் காரமில்லாத சூப் கிடைக்கும். மாட்டு இரைப்பையை 15 நொடி மட்டும் முக்கி எடுங்கள், தாண்டினால் ரப்பர். உருளைக்கிழங்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். தொட்டுக்கொள்ள நல்லெண்ணெயில் நசுக்கிய பூண்டு வரும். சூட்டையும் காரத்தையும் தணிக்க வைத்தது, ஒதுக்காதீர்கள்.

கான்டன் (குவாங்ஜோ) பக்கம் மீனை மசாலா இல்லாமல் முழுசாக அவித்துத் தருகிறார்களாமே, வாடை அடிக்காதா? விலையும் ஏமாற்றுகிறார்கள் என்கிறார்களே?
– வாசகி, காசிமேடு

விலையில் ஏமாறுவது பெரும்பாலும் அளவைக் குழப்பத்தால்தான். தொட்டி மீனுக்குப் பலகையில் போட்டிருப்பது கிலோ விலை அல்ல, 'ஜின்' விலை. ஒரு ஜின் 500 கிராம். 68 யுவான் என்று போட்டிருக்கும் மீன் 1.2 கிலோ இருந்தால் பில் 163 யுவானுக்கு மேல் வரும். விலை உயர்ந்த கடல் சரக்குக்குச் சில இடத்தில் 'லியாங்' கணக்கு, அதாவது 50 கிராம். அங்கே கிலோ விலை தெரிய 20-ஆல் பெருக்க வேண்டும். மீனைச் சமைக்கும் முன் உங்களிடம் காட்டச் சொல்லலாம். எடையையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

வாடை விஷயத்துக்கு வருவோம். மீன் அன்றைக்கு வந்ததாக இருக்க வேண்டும், அவிக்கும்போது இறங்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும். இது இரண்டும் சரியாக இருந்தால் வாடை வராது. காசிமேட்டில் இருந்துகொண்டு முதலாவதைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் செய்து பார்க்க 600 முதல் 700 கிராம் கொடுவா எடுங்கள், சங்கராவும் சரிவரும். மஞ்சள், உப்பு தடவாதீர்கள். முன்கூட்டியே உப்புப் போட்டால் நீர் விட்டுச் சதை இறுகும். தட்டில் வெங்காயத்தாளின் தண்டுகளைக் குறுக்கே வைத்து மேலே மீனை வையுங்கள். அப்போதுதான் அடிப்பக்கமும் ஆவி போகும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே தட்டு உள்ளே போக வேண்டும். குளிர்ந்த நீரில் ஆரம்பித்தால் மீன் மெதுவாகச் சூடேறி வாடை தங்கிவிடும். பெரிய தீயில் 8 நிமிடம், அணைத்துவிட்டு மூடியபடி 2 நிமிடம். இறங்கிய நீரைக் கொட்டிவிட்டு, மெல்லிசாக நறுக்கிய இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி, புகை வரக் காய்ந்த எண்ணெய் 2 மேசைக்கரண்டி அதன்மேல் ஊற்றுங்கள். சொய்ங் என்று சத்தம் வரவில்லை என்றால் எண்ணெய் காயவில்லை. லைட் சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, வெந்நீர் 2 மேசைக்கரண்டி, அரைத் தேக்கரண்டி சர்க்கரை கலந்து தட்டின் ஓரமாக விடுங்கள். மீன் தலையில் ஊற்றினால் கறுத்துப்போகும்.

கோபி மஞ்சூரியன் சீனாவில் எந்த ஊரில் நன்றாக இருக்கும்?
– வாசகர், பெரம்பூர்

எந்த ஊரிலும் கிடைக்காது. மஞ்சூரியன் 1975-ல் மும்பையில் நெல்சன் வாங் கோழியில் ஆரம்பித்தது என்பார்கள். காலிஃபிளவர் பின்னால் வந்தது. மஞ்சூரியா என்று நாம் சொல்லும் வடகிழக்கு மாகாணங்களில் 'தி சான் ஷியன்' கேளுங்கள். பொரித்த உருளை, கத்தரி, குடைமிளகாய் மூன்றும் பூண்டு சோயா சாஸில் புரட்டியது.

சுத்த சைவம். பட்டினிதானா?
– வாசகி, சவுகார்பேட்டை

இல்லை. 'வோ சி சூ' (நான் சைவம்) என்று சொல்லுங்கள். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். பன்றிக்கொழுப்பு, சிப்பி சாஸ், கோழிப்பொடி மூன்றும் வேண்டாம் என்று சீனத்தில் எழுதிய அட்டை ஒன்று கையில் இருக்கட்டும்; காய்கறிப் பொரியலில் நுழைவது இவைதான். மாப்போ டோஃபுவில் (காரக் குழம்பில் சோயாப் பன்னீர்) கொத்திறைச்சி உண்டு. 'மீன் மணக் கத்தரிக்காய்' என்ற பண்டத்தில் மீன் கிடையாது, கொத்திய பன்றி பெரும்பாலும் உண்டு. புத்த கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களே நிம்மதி; அங்கே பூண்டு, வெங்காயமும் இருக்காது.

யுன்னான் 'பாலம் தாண்டும் நூடுல்ஸ்' சாப்பிடும் முறை என்ன?
– வாசகர், தண்டையார்பேட்டை

ஆவியே வராத ஒரு பெரிய கிண்ணம் சூப் வரும். ஆறிவிட்டது என்று நினைத்து வாய் வைத்துவிடாதீர்கள்: மேலே படர்ந்திருக்கும் எண்ணெய்தான் ஆவியை அடக்கி வைத்திருக்கிறது, உள்ளே கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். முதலில் காடை முட்டையும் காகிதம் மாதிரி சீவிய பச்சை இறைச்சியும், பிறகு காய், கடைசியில்தான் அரிசி நூடுல்ஸ். நூடுல்ஸை முதலில் கொட்டினால் சூப் ஆறி, இறைச்சி வேகாமல் நிற்கும். இறைச்சி நிறம் மாறிய பிறகே சாப்பிடத் தொடங்குங்கள்.

பணம் எப்படிக் கொடுப்பது?
– வாசகர், கொருக்குப்பேட்டை

அலிபே, வீசாட் என்ற பணம் கட்டும் செயலிகள் இரண்டையும் புறப்படும் முன்பே இங்கேயே பதிந்து, வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்துவிட்ட விசா அல்லது மாஸ்டர் கார்டை இணைத்துவிடுங்கள். ஓடிபி வருவதால் நம் ஊர் சிம்முக்கு ரோமிங்கில் எஸ்எம்எஸ் கிடைக்க வேண்டும். சின்ன ஊர்களில் இரவு எட்டு மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுவார்கள், ஆறரைக்கே போய் உட்காருங்கள். சாதம் தானாக முதலில் வராது. 'மீ ஃபான்' என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.