பதில்: ஸ்பார்க்ஸ்டேஷன் 20-ல் ஐடிபிராம் பிழை, போர்டை மாற்றணுமா?

போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் நண்பரே. சன் கம்பெனியின் இந்தப் பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ஐடிபிராம் (மெஷினின் அடையாள விவரங்கள்) செல்லாது என்று வருகிறது, ஈதர்நெட் (நெட்வொர்க்) முகவரி முழுக்க எஃப்எஃப் என்கிறீர்கள், அப்படியென்றால் போர்டை விட அந்த விவரங்களை வைத்திருக்கும் எம்48டி08 என்ற 28 கால் சிப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம், அதன் தலைக்குள் புதைத்து வைத்த லித்தியம் பேட்டரி தீர்ந்திருக்கும். 1994-ல் வந்த மெஷின், இத்தனை காலம் தாங்கியதே பெரிது.

சிப் சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கும், திசையைக் குறித்துக்கொண்டு மெதுவாக நெம்பி எடுங்கள். புதிது என்று ஆன்லைனில் விற்பதை நான் நம்பமாட்டேன், பழைய சரக்கைத் துடைத்து விற்பவர்கள் உண்டு. அதனால் இருக்கும் சிப்பையே சரிசெய்யலாம். மேல்பக்கத்து எபாக்ஸியை (கெட்டிப் பிசின்) மெல்லிய அரத்தால் பொறுமையாகத் தேய்த்து, பேட்டரிக் கம்பிகள் தெரிந்ததும் பழைய செல்லின் இணைப்பை முதலில் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் புதியதையும் அது உறிஞ்சிவிடும். அப்புறம் மல்டிமீட்டரில் பிளஸ், மைனஸ் பார்த்து சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரிக்கான ஹோல்டரை சால்டர் செய்யுங்கள்.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடலை ஒட்டி வீடு என்கிறீர்களே, சாக்கெட் காலில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள், இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பிரஷ்ஷும் போதும். உப்புக்காற்று நுழையாதபடி மெஷினை மூடி வையுங்கள், சிலிக்கா ஜெல்லும் போடுங்கள்.

சிப்பைத் திரும்பப் போட்டதும் ஓகே பிராம்ப்ட்டில் (மெஷின் ஆன் ஆனதும் கட்டளை கேட்கும் இடம்) எம்கேபி கட்டளையால் முகவரியை எழுதலாம், சன் முகவரி 08:00:20 என்று தொடங்கும். மானிட்டர் இல்லையென்றால் கீபோர்டைக் கழற்றிவிட்டு சீரியல் ஏ போர்ட்டில் இன்னொரு கம்ப்யூட்டரை இணைத்து 9600 வேகத்தில் பாருங்கள். சிப்பின் படம் போடுங்கள், எங்கே தேய்க்கணும் என்று குறித்துத் தருகிறேன்.