வயதான விஸ்கியில் புகை எங்கே போகிறது?

புகை மணக்கும் சிங்கிள் மால்ட், அதாவது ஒரே ஆலையில் மால்ட் எனும் முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கி பற்றிச் சில வாரங்களாகச் சேர்ந்துவிட்ட கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். ஏற்கெனவே வாங்குகிறவர்கள் காசை வீணாக்காமல் இருக்கத்தான் இது.

கேள்வி: எங்கள் மேலாளர் ஓய்வு பெறுகிறார். ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கி என்றால் அவருக்கு உயிர். எல்லோரும் சேர்ந்து பணம் போட்டு ஒரு நல்ல பாட்டில் வாங்கித் தர நினைக்கிறோம். அங்கே செய்யும் லஃப்ராய்க் 10 வருடம் ஒரு விலை, 25 வருடம் அதைப்போலப் பல மடங்கு. வயது அதிகமானால் புகையும் அதிகமாக இருக்கும்தானே? (சிங்கப்பூர்)

பதில்: அதுதான் இல்லை. வயது ஏற ஏறப் புகை இறங்கும். மேலாளருக்குப் பிடித்தது முகத்தில் அறைகிற புகை என்றால், பணத்தைக் கொட்டி அதையே குறைத்துக் கொடுத்ததாகிவிடும்.

புகை எந்தக் கட்டத்தில் சேர்கிறது என்று பார்த்தால் இது புரியும். முளைகட்டிய பார்லியைச் சூளையில் உலர்த்தும்போது கீழே பீட் எரிப்பார்கள். சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக முழுசாக மக்காமல் படிந்துபோன பாசியும் புதரும்தான் பீட். மரம் குறைவான ஐலாவில் வீட்டு அடுப்பு எரிந்ததும் அதில்தான். அந்தப் புகையிலுள்ள ஃபீனால் வகைப் பொருட்கள் ஈரத் தானியத்தின் மேல்தோலில் ஒட்டிக்கொள்கின்றன. வரவு அதோடு முடிந்தது, அப்புறம் எல்லாம் செலவுதான். வெந்நீரில் ஊறவைக்கும்போது கொஞ்சம் போகிறது, வடிக்கும்போது நிறையப் போகிறது, பீப்பாயில் கிடக்கும் காலமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. மிச்சமிருக்கும் புகையையும், ஓக் மரத்திலிருந்து இறங்கும் வெனிலா மணமும் துவர்ப்பும் மூடிவிடுகின்றன.

சரி, பின்னே எதற்கு அவ்வளவு விலை? ஸ்காட்லாந்துக் கிடங்குகளில் பீப்பாய்க்குள் இருப்பது ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. 200 லிட்டர் நிரப்பினால் பத்து வருடம் கழித்து 163 லிட்டர் போல இருக்கும், இருபத்தைந்து வருடம் கழித்து 120 லிட்டர்தான் தேறும். கிடங்குச் செலவு, முடங்கிய முதல் எல்லாம் இதற்கு மேல். இவற்றை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வடித்த வருடத்தில் எத்தனை பீப்பாய் நிரப்பினார்கள் என்பதுதான் அது. 1980களில் ஸ்காட்ச் தொழிலே படுத்துக் கிடந்தது. ஐலாவின் ஆர்ட்பெக் ஆலை 1981இல் மூடப்பட்டு 1989இல்தான் திரும்ப ஓடியது. 1983இல் பூட்டிய போர்ட் எலன் விஸ்கி ஆலை மறுபடி திறந்தது 2024இல். அந்தக் காலத்துச் சரக்கு இன்று ஏலத்தில் எகிறுவதற்கு ருசியைவிடத் தட்டுப்பாடுதான் காரணம்.

25 வருட லஃப்ராய்க் மட்டம் என்று சொல்லவில்லை. அது வேறொரு பானம். மருந்து நெடி அடங்கி, பழுத்த பழமும் மரமும் முன்னுக்கு வந்து, புகை கடைசியில் மெல்லத் தலைகாட்டும். அந்த நிதானத்தை விரும்புகிறவர்கள் கொண்டாடுவார்கள். அதனால், மேலாளர் வழக்கமாக எதைக் குடிக்கிறார் என்று முதலில் நைசாக விசாரியுங்கள். 10 வருட லஃப்ராய்க்கையோ ஆர்ட்பெக்கையோ விரும்பிக் குடிக்கிறவர் என்றால், நானாக இருந்தால் லஃப்ராய்க் 10 வருடத்தின் காஸ்க் ஸ்ட்ரெங்த் பாட்டில் ஒன்றும் அதே தீவின் லாகவூலின் 16 வருடம் ஒன்றும் வாங்குவேன். காஸ்க் ஸ்ட்ரெங்த் என்றால் பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே, தண்ணீர் சேர்த்து இறக்காமல் அடைத்தது. இரண்டும் சேர்ந்தாலும் 25 வருடத்தின் விலையைத் தொடாது. மிச்சப் பணத்தில் நல்ல சாப்பாடே போடலாம்.

கேள்வி: எல்லோரும் புகழ்கிறார்களே என்று லாகவூலின் 16 வாங்கினேன். மூடியைத் திறந்ததும் ஆஸ்பத்திரி வாசனை. சோடா ஊற்றினேன், ஐஸ் போட்டேன், ஒன்றும் சரிவரவில்லை. ஏமாந்துவிட்டேனா? (சென்னை)

பதில்: ஏமாறவில்லை. உங்கள் மூக்கு சரியாகத்தான் பிடித்திருக்கிறது. டெட்டாலில் கிருமியைக் கொல்லும் பொருளும் ஃபீனால் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பீட் புகையில் கிரெசால் என்று ஒரு வகை மருந்து நெடியைத் தருகிறது, குவாயகால் என்று இன்னொரு வகை கரிந்த விறகின் மணத்தைத் தருகிறது. இரண்டும் ஒன்றாக வந்து மோதினால் முதல் தடவை யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும்.

மீதி பாட்டில் இருக்கிறதல்லவா, இப்படிப் பாருங்கள். கீழே பருத்து வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். அகலமான டம்ளரில் வாசனை நிற்காது. ஒரு ஸ்மால், அதாவது 30 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். பக்கத்தில் வறுவல் தட்டோ ஊதுவத்தியோ இருக்கக் கூடாது.

கிளாஸுக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது. 43 சதவீத ஆல்கஹால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். கிளாஸை முகவாய்க்கு அருகே வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி மூச்சிழுங்கள். முதலில் புகை மட்டும்தான் தெரியும். விலக்கிவிட்டு ஒரு நிமிடம் கழித்துத் திரும்ப வாருங்கள். மூக்கு எந்த நெடிக்கும் சீக்கிரம் பழகிவிடும். புகை பின்வாங்கியதும் அதன் அடியில் இருந்தவை மேலே வரும். லாகவூலின் 16இல் எனக்கு அப்போது முதலில் தட்டுப்படுவது உலர்ந்த திராட்சை, அடுத்து ஆரஞ்சுத் தோல், அதற்கும் பின்னால் கடற்பாசி காய்கிற உப்பு வாடை. உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றலாம். பாட்டில் அட்டையில் எழுதியிருப்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமில்லை.

முதல் மடக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அதில் ஆல்கஹாலின் காரம் மட்டும்தான் தெரியும். இரண்டாவது மடக்கை நாக்கு முழுக்கப் பரவவிட்டு, சில நொடி வைத்திருந்து விழுங்குங்கள். இந்த விஸ்கியில் இனிப்பு முதலில் வரும், புகை நடுவில் ஏறும், விழுங்கிய பிறகு உப்பும் சாம்பலுமாக நெடுநேரம் நிற்கும். அப்படி நிற்கிற நேரத்துக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள். சோடாவும் ஐஸும் முதலில் கெடுப்பது அதைத்தான். குளிரில் மணப்பொருட்கள் எழும்பாது.

தண்ணீர் சேர்ப்பது குற்றம் என்று சில பெரிய மனிதர்கள் முறைப்பார்கள். ராவாகக் குடித்தால்தான் வீரம் என்பது வெட்டிப் பேச்சு. 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினி மாதிரி வைத்துப் பார்த்தார்கள். வீரியம் 45 சதவீதமும் அதற்குக் குறைவுமாக இருக்கும்போது குவாயகால் திரவத்தின் மேற்பரப்பில் கூடி நிற்கிறது, 59 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹாலுக்குள் அமிழ்ந்துவிடுகிறது என்று கண்டார்கள். ஆக, 43 சதவீத லாகவூலினுக்கு அரை டீஸ்பூன் போதும். 55ஐத் தாண்டிய காஸ்க் ஸ்ட்ரெங்த் என்றால் தாராளமாக ஊற்றலாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் முகருங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

குடித்து முடித்த கிளாஸை அன்றிரவு கழுவாதீர்கள். காலையில் எடுத்து முகர்ந்தால் ஆல்கஹால் போய், சாம்பல் மட்டும் தனியாக நிற்கும். பீட் என்பது என்ன என்று பிடிபடுவதற்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் ஒத்துவரவில்லையா, விட்டுவிடுங்கள். பிடித்தே ஆக வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. பிடித்திருந்தால், லாகவூலின் 8 வருடத்தை ஏதாவது ஒரு பாரில் ஒரு ஸ்மால் வாங்கி இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஆலையின் 200வது ஆண்டான 2016இல் வந்தது அது, வீரியம் 48 சதவீதம், நிறம் வெளிர் வைக்கோல். புகை கூர்மையாக, நேராக வரும். பாதி வயது, ஆனால் புகைப் பிரியர்கள் பலர் 16ஐ விட்டுவிட்டு இதற்குத்தான் கைநீட்டுவார்கள். 16இன் அடர்ந்த நிறத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். ஸ்காட்ச்சில் கேரமல் நிறமூட்டி சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது.

கேள்வி: ஆர்ட்பெக் 10இல் தண்ணீர் ஊற்றியதும் கலங்கிவிட்டது. போலியா? (துபாய்)

பதில்: இல்லை, நல்ல அறிகுறிதான். பல கம்பெனிகள் விஸ்கியைக் குளிரவைத்து வடிகட்டி, அதிலுள்ள கொழுப்பமில வகைகளை நீக்கிவிடுவார்கள். பாட்டில் பளிச்சென்று இருப்பதற்காகத்தான் அந்த வேலை. ஆர்ட்பெக் 10 அப்படி வடிகட்டாமல் 46 சதவீதத்தில் அடைக்கப்படுவது. தண்ணீர் பட்டு வீரியம் இறங்கியதும் அந்தப் பொருட்கள் கரைந்திருக்க முடியாமல் மங்கலாகத் தெரியும்.

கேள்வி: பிபிஎம் என்று ஒரு எண் சொல்கிறார்கள். லாகவூலின் 35, ஆர்ட்பெக் 55, ஆக்டோமோர் 100க்கு மேல். அதைப் பார்த்து வாங்கலாமா? (டொராண்டோ)

பதில்: அந்த எண் பாட்டிலில் இருப்பதை அளந்தது அல்ல. சூளையிலிருந்து வந்த பார்லியில் பத்து லட்சம் பங்குக்கு எத்தனை பங்கு ஃபீனால் இருந்தது என்பது. கிளாஸுக்கு வந்து சேர்வதற்குள் அதில் பெரும்பகுதி போய்விடும். எவ்வளவு போகும் என்பது ஆலைக்கு ஆலை மாறும். லாகவூலினும், ஐலாவின் இன்னொரு ஆலையான கல் ஈலாவும் ஒரே முதலாளியுடையவை. இரண்டுக்கும் மால்ட் வருவது ஒரே போர்ட் எலன் மால்ட் ஆலையிலிருந்து, ஏறக்குறைய ஒரே பிபிஎம்மில். ஆனால் லாகவூலினில் வடிகலனைத் தளும்பத் தளும்ப நிரப்பி மெதுவாக வடிக்கிறார்கள். கல் ஈலாவில் குறைவாக நிரப்புவதால் ஆவி செம்போடு அதிக நேரம் உரசுகிறது. ஒன்று கனமாக வருகிறது, மற்றது லேசாக, எலுமிச்சைச் சாயலோடு வருகிறது. ஃபீனால்கள் வடிப்பின் பின்பகுதியில்தான் அதிகம் வரும் என்பதால், எந்த இடத்தில் வெட்டி நிறுத்துகிறார்கள் என்பதும் பெரிய விஷயம். பிபிஎம் எண்ணைத் தோராயமான வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்ருத் பீட்டட் நன்றாக இருக்கிறது, ஆனால் பாட்டிலில் வயதே போடவில்லை. எதையோ மறைக்கிறார்களா? (பெங்களூர்)

பதில்: வயது போட்டால் உங்கள் ஊர் வெயிலுக்கு அநியாயமாகிவிடும். பெங்களூர்க் கிடங்கில் ஆண்டுக்கு 10 முதல் 12 சதவீதம் ஆவியாகிறது. அந்தக் கணக்கில் ஐந்தே வருடத்தில் போவது, ஸ்காட்லாந்தில் கால் நூற்றாண்டில் போவதற்குச் சமம். மரத்தின் சாறும் அதே வேகத்தில் இறங்குகிறது. “5 வருடம்” என்று அச்சிட்டால் அலமாரியில் பக்கத்திலிருக்கும் 12 வருடம் ஜெயித்துவிடும், அதனால் போடாமல் விடுகிறார்கள். ஸ்காட்ச்சில் வயது போடாத பாட்டில்களுக்கு எல்லா நேரமும் இந்தச் சமாதானம் பொருந்தாது. அங்கே குறைந்தது 3 வருடம் பீப்பாயில் இருந்தாக வேண்டும், எண் போட்டால் கலவையிலுள்ள மிக இளைய விஸ்கியின் வயதைத்தான் போட வேண்டும். எண்ணுக்குப் பதில் கம்பீரமான பெயரும் தங்க எழுத்தும் இருந்து விலையும் 16 வருடத்துக்கு மேலே போனால், நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டதால் இந்தியாவில் ஸ்காட்ச் விலை பாதியாகும் என்கிறார்களே? டூட்டி ஃப்ரீயிலேயே வாங்குவதை நிறுத்திவிடலாமா? (மதுரை)

பதில்: பாதியாகாது. 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தப்படி 150 சதவீத இறக்குமதி வரி முதலில் 75 ஆகும், பத்தாவது ஆண்டில் 40க்கு வரும். துறைமுகத்துக்கு 2,000 ரூபாய் மதிப்பில் வரும் பாட்டில் வரியோடு 5,000 ஆவதற்குப் பதில் 3,500 ஆகும். அதற்கு மேல் மாநில வரியும் விற்பவர் லாபமும் அப்படியே இருக்கும். மது ஜிஎஸ்டிக்குள் வராது, ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு வரி போடும். டூட்டி ஃப்ரீயில் வாங்குவதானால் 2 லிட்டர் வரம்பை மறக்காதீர்கள். அங்கே 1 லிட்டர், வெளியே 700 அல்லது 750 மில்லி என்று இருக்கும். 100 மில்லிக்கு என்ன விலை என்று போனில் கணக்குப் போட்டு, வீரியம் 40ஆ 46ஆ என்பதையும் பார்த்த பிறகு பில் போடுங்கள்.

கேள்வி: இணைய ஏலத்தில் 1970களின் பௌமோர் விஸ்கி ஒன்று சல்லிசாக வருகிறது. நம்பலாமா? (லண்டன்)

பதில்: சல்லிசாக வருவதே சந்தேகத்துக்கு முதல் காரணம். 2017இல் சுவிட்சர்லாந்து ஹோட்டல் ஒன்றில் 1878ஆம் வருட மக்காலன் விஸ்கி என்று ஒரே ஒரு பெக்குக்கு 9,999 பிராங்க் வாங்கினார்கள். சோதித்தால் 1970களில் செய்த சாதாரணச் சரக்கு. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கதிரியக்கக் கார்பன் பார்லியிலும் ஏறியிருப்பதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். தெரிந்த ஏல நிறுவனம், வாங்கிய ரசீது, திரவ மட்டம் தெரிகிற தெளிவான படம், இவை மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் விலகிவிடுங்கள்.

கேள்வி: 12 வருட பாட்டிலைத் திறக்காமல் அலமாரியில் 12 வருடம் வைத்திருந்தால் 24 வருடமாகுமா? (யாழ்ப்பாணம்)

பதில்: ஆகாது. பீப்பாயை விட்டு வெளியே வந்த நாளோடு வயது நின்றுவிடும். நிமிர்த்தி, வெயில் படாமல் வையுங்கள். ஒயின் மாதிரிப் படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். திறந்துவிட்டால் முதலில் மங்குவது புகைதான். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனதும் சின்ன பாட்டிலுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் நண்பர்களைக் கூப்பிடுங்கள்.